பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் புதிய சோர்ஸ்: இசை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருந்தும், கேசட்டும் சிடியும் ஓய்ந்த பிறகு எதிலிருந்து பாட்டுக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் இசை ரசிகர்கள் அனைவருக்கும்,



வீட்டு ஒலி அமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. பாட்டு புறப்படும் இடம் சோர்ஸ். அங்கிருந்து வரும் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது ஆம்ப்ளிஃபையர். அந்த மின்சாரத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது ஸ்பீக்கர். இந்த மூன்றில் கடந்த நாற்பது ஆண்டுகளில் விலை மிகவும் இறங்கியதும் தரம் மிகவும் உயர்ந்ததும் சோர்ஸ்தான். சோனியும் ஃபிலிப்ஸும் 1982-ல் சிடியைக் கொண்டுவந்தபோது அதை வாசிக்கும் கருவி வசதி படைத்தவர்களின் வீட்டுக்கே எட்டியது. இன்று அந்தத் தரத்தைக் கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டு ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் பல வீடுகளில் நல்ல ஆம்ப்ளிஃபையரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவருகிறார்கள். வேறு சிலர் பெட்டியில் அச்சிட்ட எண்களில் மயங்கி, காதுக்கு எட்டாத நுணுக்கத்துக்காகப் பல்லாயிரம் ரூபாயைச் சோர்ஸில் கொட்டுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய இழப்புகள். சோர்ஸுக்குக் குறைந்த பணமும் கொஞ்சம் கவனமும் போதும். மிஞ்சுவது ஸ்பீக்கருக்கும் பாட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்த மடலின் வேண்டுகோள்.

தேர்வு ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ சாக்கெட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஆக்ஸ், சிடி, டியூனர், டேப் இன், லைன் என்று பெயர்கள் வேறுபட்டாலும் இவை ஒரே வேலையைச் செய்பவை. எதில் வேண்டுமானாலும் டிஜிட்டல் சோர்ஸைச் செருகலாம். ஃபோனோ என்று எழுதிய சாக்கெட் மட்டும் விலக்கு. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் ஒருசில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி உயர்ந்தவற்றை அமுக்கும் சுற்றும் அதில் உண்டு. ஃபோனையோ சிடி பிளேயரையோ அதில் செருகினால் ஒலி உடைந்து, பேஸ் மட்டும் முட்டிக்கொண்டு வரும். 1970களின் ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில் ஆர்சிஏவுக்குப் பதிலாக ஐந்து துளை டின் சாக்கெட் இருக்கும். அதற்கு மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். ஃபோனில் செருகும் சிறு கருவிகள் 1 வோல்ட் அளவில் தருகின்றன. பெரும்பாலான வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் கால் வோல்ட், அரை வோல்ட்டிலேயே முழுச் சக்தியை எட்டிவிடுவதால் இரண்டுமே தாராளம்.

டிஜிட்டல் பாட்டு என்பது வரிசையாக எழுதப்பட்ட எண்கள். அவற்றை மீண்டும் மின் அலையாக்கும் சிப்பைத்தான் டேக் என்கிறார்கள். சிடியில் ஒலி அலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. அளக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழுள்ள எல்லா அதிர்வெண்களையும் குறைவின்றித் திரும்பப் பெறலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணித விதி. எனவே சிடி 20,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல்வரை பிடித்துவைக்கிறது. மனிதக் காதின் எல்லை இளமையில் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கும். 16 பிட் என்பதன் பொருள், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளி. சாதாரணக் கேசட்டில் இது 50 டெசிபெலைச் சுற்றியே இருந்தது. மின்விசிறி ஓடும் கூடத்தில் யாரும் பேசாதபோதும் சுமார் 40 டெசிபெல் இரைச்சல் இருக்கும். அதற்கு மேல் 96 டெசிபெலையும் கேட்க வேண்டுமானால் பாட்டு 136 டெசிபெலுக்கு ஏற வேண்டும். காது வலிக்கும் எல்லையையே அது தாண்டிவிடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஹை-ரெஸ் பெயரில் விற்கப்படும் எண்களை இந்தப் பின்னணியில் எடைபோட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் உண்மையாகவே பயன்படுகிறது. பாடகர் எதிர்பாராமல் குரலை உயர்த்தினாலும் பதிவு உடையாதபடி மேலே இடம் விட்டுவைக்க அது உதவுகிறது. கேட்பவர் வீட்டில் நிலைமை வேறு. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஹை-ரெஸ் தட்டுகளை அப்படியேயும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்பவர்களைச் சொல்லச் சொன்னார்கள். 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியான அந்த ஆய்வில் 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் அவ்வளவு கிடைக்கும். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு. வேறுபாடு உண்டு என்பதற்கான சான்று இந்த அளவுக்குத்தான் மெல்லியது. ஆகவே சிடி தரத்தைப் பழுதில்லாமல் கொடுக்கும் சோர்ஸ் வீட்டுக்குப் போதும். 1950களிலும் 60களிலும் மோனோவில் பதிவான திரைப்பாடலை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக வாங்கினாலும், மூலப்பதிவில் இல்லாத எதுவும் அதில் வந்து சேராது.

காதுக்கு உண்மையாகவே தெரியும் வேறுபாடு, கோப்பு எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. சிடியின் தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 அதை 320, 192, 128 என்று குறைக்கிறது. உரத்த ஒலிக்கு அருகில் எழும் மெல்லிய ஒலிகளைக் காது கவனிப்பதில்லை. அவற்றைக் கழித்துவிடுவதே எம்பி3-ன் வழி. 320-ல் இந்தக் கழிவைக் கண்டுபிடிப்பது தேர்ந்த காதுக்கும் கடினம். 128-லும் அதற்குக் கீழும் குறை வெளிப்படை. தம்புரா, வயலின் என்று நீண்டு ஒலிப்பவற்றை எம்பி3 ஓரளவு காப்பாற்றிவிடும். கஞ்சிராவின் அடி, கடத்தில் விழும் விரல் தட்டு, ஜால்ராவின் கிணுக்கு என்று சட்டென எழுந்து அடங்கும் ஒலிகளில்தான் தடுமாறும். எம்பி3 ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. ஒரு துண்டின் நடுவில் அடி விழுந்தால், கணக்கில் நேரும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய ‘ஷ்’ எழுந்து, அடியின் கூர்மை மழுங்கிவிடும். கச்சேரிப் பதிவின் முடிவில் வரும் கைதட்டல் இன்னும் நல்ல சோதனை. நல்ல கோப்பில் அரங்கின் இடமும் வலமுமாகத் தனித்தனிக் கைகள் கேட்கும். 128-ல் அவை ஒரே இரைச்சலாகக் குழைந்துவிடும்.

இழப்பே இல்லாமல் சுருக்கும் முறைகள் இருக்கும்போது இந்தச் சமரசத்துக்குத் தேவையில்லை. அவற்றில் பரவலானது 2001-ல் வெளிவந்த ஃப்ளாக். ஆப்பிள் கருவிகளுக்கு அலாக். மடித்து வைத்த புடவையைப் பிரித்தால் ஒரு நூலும் குறையாது. ஃப்ளாக் கோப்பைத் திறந்தாலும் அப்படித்தான், சிடியில் இருந்த ஒவ்வோர் எண்ணும் திரும்பி வரும். ஒரு மணி நேரப் பாட்டு சுருக்காமல் 635 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் 350 முதல் 400 எம்பி. 320 எம்பி3-ல் 144 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு ஃப்ளாக்கில் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் ஏறக்குறைய இரண்டாயிரம் பாட்டுகள் அடங்கும். இடம் போதாது என்று எம்பி3-க்கு இறங்கிய காலம் முடிந்துவிட்டது.

ஃப்ளாக் என்று பெயர் சூட்டிய எல்லாமே ஃப்ளாக் ஆகிவிடாது. எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகும், போனது திரும்பாது. ஐயம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்க்கலாம். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அது வண்ணப்படமாகக் காட்டும். உண்மையான சிடிப் பதிவில் நிறம் மெல்ல மங்கியபடி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் போகும். 128 எம்பி3-லிருந்து பிறந்த போலியில் 16,000 ஹெர்ட்ஸ் அருகே நேர்கோடாக அறுந்து நிற்கும். அதற்கு மேல் வெறும் கறுப்பு. பழைய பதிவுகளில் உயர்ந்த ஒலிகள் இயல்பாகவே குறைவு என்பதால், நிறம் மங்குவது குற்றமல்ல. நேர்கோட்டு வெட்டுதான் போலியின் அடையாளம்.

இனி கருவிகள். மிக மலிவானது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முதல் சிற்றூர் எலக்ட்ரானிக்ஸ் கடை வரை கிடைக்கும் யுஎஸ்பி போர்டு. பென் டிரைவ், மெமரி கார்டு, எஃப்எம், ப்ளூடூத், ரிமோட் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்களின் முகப்பில் எண்கள் மின்னும் சிறு பலகை இதுவே. பாட்டு வரும், நல்ல ஸ்பீக்கருக்கு அது போதாது. முகப்பு எண்களை எரியவைக்கும் மின்துடிப்பும் ப்ளூடூத் சிப்பின் துடிப்பும் ஒலிச் சுற்றோடு ஒரே சப்ளையைப் பகிர்வதால், பாட்டு நின்ற அமைதியில் ஸ்பீக்கருக்குள் ‘கிர்ர்’ என்று ஒரு மெல்லிய ஓசை கேட்கும். பல போர்டுகள் ஃப்ளாக்கை ஏற்பதில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காகப் பிரித்த சிடியில், ஆலாபனை முடிந்து தானம் எழும் இடத்தில் அந்த வெட்டு உறுத்தும். பாட்டின் பெயரும் தெரியாது, எண்தான் தெரியும். கடைக்கும் பட்டறைக்கும் இது சரி. அமர்ந்து கேட்கும் அறைக்கு இன்னும் சில நூறு ரூபாய் கூட்டுவது நல்லது.

அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் பெரும்பாலான வீடுகளுக்கு முதல் தேர்வு. அதில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருந்தால், ஒரு முனையில் அதற்கான பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் கொண்ட கேபிள் ஒன்றே செலவு. ஃபோனின் வால்யூமை முழுமையாகவோ ஒரு படி கீழாகவோ வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபையரில் செய்ய வேண்டும். ஃபோனில் குறைத்து ஆம்ப்ளிஃபையரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஈக்வலைசர், டால்பி, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். சிம்மை எடுத்துவிட்டு, அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி, வைஃபையில் மட்டும் ஓடவிட்டால் பாட்டுக்கு நடுவே குறுக்கீடு வராது. இரவும் பகலும் சார்ஜில் விட்டுவைத்த பழைய பேட்டரி உப்பிக்கொள்ளக்கூடும். பின்மூடி எழும்பத் தொடங்கினால் அந்த ஃபோனை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

ஜாக் இல்லாத ஃபோனுக்கு யுஎஸ்பி-சி டேக் வேண்டும். இந்த வகையில் பலரும் அறிந்தது ஆப்பிளின் ஹெட்ஃபோன் அடாப்டர். அமெரிக்காவில் அதன் விலை 9 டாலர். வெறும் கேபிள் துண்டாகத் தெரியும் அதற்குள் டேக்கும் சிறு பெருக்கியும் இருக்கின்றன. அளவுக் கருவிகளில் வைத்துப் பார்த்தால் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு அருகில் வந்து நிற்கிறது. சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இதன் ஒலி மிகக் குறைவாக வரும் என்பது தெரிந்த குறை. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற, டேக்குடன் நேரே பேசும் செயலியில் அது சரியாகும். ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்புவதையும் அத்தகைய செயலிகள் தவிர்க்கின்றன. நூறு ரூபாய்க்கு விற்கப்படும் சில அடாப்டர்களுக்குள் டேக்கே கிடையாது. அனலாக் ஒலியை யுஎஸ்பி துளை வழியே அனுப்பும் ஒருசில ஃபோன்களில் மட்டுமே அவை வேலை செய்யும். டேக் உள்ளே இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கம்பியில்லா வழிகளில் எளியது ப்ளூடூத். ஆக்ஸில் செருகும் ரிசீவர் ஒன்று போதும். இசைக்கான எல்லா ப்ளூடூத் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறை, நல்ல தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் அளவில் ஓடுகிறது. ஏற்கெனவே சுருக்கிய பாட்டை ஃபோன் விரித்து, மறுபடி சுருக்கி அனுப்புகிறது; ஃப்ளாக் கோப்பே ஆனாலும் வழியில் இழப்பு நேரும். சோனியின் எல்டாக் முறை 990 கிலோபிட் வரை போகும். ஃபோன், ரிசீவர் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். சமையல் நேரத்துப் பாட்டுக்கு ப்ளூடூத் தாராளம். அழைப்பு வந்தால் பாட்டு நிற்பதும், ஃபோனோடு மாடிக்குப் போனால் பாட்டு அறுபடுவதும்தான் அன்றாடத் தொல்லை.

வைஃபை ஸ்ட்ரீமரில் இந்தத் தொல்லை இல்லை. அது இணையத்திலிருந்து பாட்டைத் தானே நேராக எடுத்துக்கொள்ளும். ஃபோன் ரிமோட் வேலையை மட்டும் பார்க்கும். அழைப்பு வந்தாலும் பாட்டு ஓடும், இழப்பில்லாத தரமும் வரும். மலிவான ஸ்ட்ரீமர்களில் விம் மினி நன்றாகப் பெயர் எடுத்தது. அமெரிக்காவில் 100 டாலருக்குள் விற்கப்பட்ட அதில் அனலாக், ஆப்டிகல் இரண்டு வெளியீடுகளும் உண்டு. இதே வேலையைச் செய்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது, 2019-ல் விற்பனை நின்றது. 2025 மார்ச்சில் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் வீடுகளில் இருந்த அந்தக் கருவிகள் ஒரே நாளில் செயலிழந்தன; சில நாள்களில் கூகுள் அதைச் சரிசெய்தது. நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் எந்தக் கருவியும், சொந்தக்காரர் எதுவுமே செய்யாதபோதும் நின்றுபோகலாம். வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளை இணையத்தின் உதவியில்லாமல் ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதனால்தான் முக்கியம்.

கொஞ்சம் கைவேலையில் விருப்பம் உள்ளவர்களுக்கு ராஸ்பெர்ரி பை மிகச் சிறந்த வழி. 2021-ல் 15 டாலர் விலையில் வந்த ஸீரோ 2 டபிள்யூ மாடலே பாட்டுக்குப் போதும். அதன் 40 பின் வரிசையில் பிசிஎம்5102ஏ சிப் கொண்ட டேக் பலகையை இணைத்தால், சிடி பிளேயருக்கு இணையான 2 வோல்ட் வெளியீடு கிடைக்கும். யுஎஸ்பி டேக்கையும் செருகலாம். பழைய பை மாடல்களில் பலகையிலேயே உள்ள 3.5 ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது; அதற்குப் பின்னால் முறையான டேக் இல்லை, இரைச்சல் அதிகம். மூட் ஆடியோ, வாலுமியோ, பைகோர்பிளேயர் ஆகிய மென்பொருள்களில் ஒன்றைக் கார்டில் எழுதிச் செருகினால், ஃபோனின் பிரவுசரிலிருந்தே பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கரண்ட் திடீரென்று போகும் ஊர்களில் பைகோர்பிளேயர் கூடுதல் பாதுகாப்பு. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகக்கூடும். பைகோர்பிளேயர் தொடங்கியதும் முழுதாக ராமில் ஏறி அங்கேயே ஓடுவதால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

ஏற்கெனவே இருக்கும் பொருள்களும் சோர்ஸாகலாம். லேப்டாப்பில் யுஎஸ்பி டேக் செருகி ஃபூபார்2000 போன்ற பிளேயரை ஓட்டலாம். பழைய டிவிடி பிளேயர்களின் பின்னால் கோஆக்சியல் வெளியீடும், ஸ்மார்ட் டிவிகள் பலவற்றின் பின்னால் ஆப்டிகல் வெளியீடும் இருக்கும். ஆப்டிகல், கோஆக்சியல் இரண்டையும் ஏற்கும் சிறு டேக் பெட்டி ஒன்று வாங்கினால், டிவியில் ஓடும் கச்சேரியும் சிடியும் ஆம்ப்ளிஃபையருக்கு வந்துவிடும். டிவியின் ஆடியோ அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி என்று இருப்பதைப் பிசிஎம் என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டேக்கிலிருந்து சத்தமே வராது, பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நிலை வரும். டிஜிட்டல் கேபிளுக்கு அதிகப் பணம் தர வேண்டாம். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் விலையுயர்ந்த கேபிள் கூடுதலாகச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எந்த சோர்ஸாக இருந்தாலும் இணைத்தவுடன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். பாட்டு ஓடாமல், ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை வழக்கத்தைவிட மேலே திருப்பி, ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். மெல்லிய ‘ஸ்ஸ்’ இயல்பானது. ‘ம்ம்ம்’ என்று ஹம் அடித்தால் பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் லூப்: லேப்டாப் சார்ஜரின் எர்த் ஒரு வழி, ஆம்ப்ளிஃபையரின் எர்த் இன்னொரு வழி, கேபிள் டிவி வயரின் உறை மூன்றாவது வழி என்று சுற்று உருவாகி, அதில் ஓடும் மின்னோட்டம் ஒலியோடு கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றால் சுற்று அதன் வழியேதான் வருகிறது. நிற்காவிட்டால் செட்-டாப் பெட்டியின் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் இது குறையும். குறையாவிட்டால் சோர்ஸுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வைக்கலாம், அல்லது ஆப்டிகலுக்கு மாறலாம். ஆப்டிகல் கேபிளின் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் பாயாது. எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டர் போட்டு எர்த்தைத் துண்டிப்பதும் ஹம்மை நிறுத்தலாம். ஆனால் ஷாக்கிலிருந்து காப்பாற்றும் முக்கியமான வழியையும் அது அடைத்துவிடும். எந்தப் பாட்டும் அதற்கு ஈடாகாது.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தின் அளவைச் சமமாக்கிய பிறகே கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்குத் தெளிவாகவும் செறிவாகவும் படும். 2 வோல்ட் தரும் டேக் 1 வோல்ட் தருவதைவிட 6 டெசிபெல் உரத்து ஒலிக்கும். கடைகளில் விலை கூடிய பெட்டி வெல்வது பெரும்பாலும் இதனால்தான். ஒரே பாட்டின் ஒரே பகுதியை, ஒரே அளவில், எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டால் உண்மை புலப்படும். அப்போதும் வேறுபாடு தெரியாவிட்டால் மலிவானதை மனநிறைவோடு வாங்கலாம்.

பாட்டு எங்கிருந்து வரும் என்பது கடைசிக் கேள்வி. சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் சேவைகளில் பாட்டுக்குக் குறைவில்லை, தரம் வேறுபடும். யூடியூப் மியூசிக்கின் கட்டணச் சேவை 256 கிலோபிட் வரை தருகிறது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் இழப்பற்ற தரத்தைத் தருகிறது. நெடுங்காலம் 320 கிலோபிட்டில் நின்ற ஸ்பாட்டிஃபை 2025-ல் அந்தத் தரத்துக்கு வரத் தொடங்கியது. செயலியின் அமைப்பில் தரத்தை உயர்த்தி வைக்காவிட்டால் எந்தச் சேவையும் குறைந்த தரத்தில் ஓடக்கூடும் என்பதால் முதல் நாளே அதைப் பார்த்துவிட வேண்டும். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த பாட்டு இன்று காணாமல் போகும் என்பது ஸ்ட்ரீமிங்கின் இயல்பு. பெரிய படங்களின் பாட்டு திரும்பி வந்துவிடும். சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரி, நாகஸ்வரம், நாட்டுப்புறப் பதிவுகளுக்கு அந்த உறுதி இல்லை. அவை வீட்டுச் சிடியிலும் கேசட்டிலும் மட்டுமே இருக்கக்கூடும்.

ஆகவே வீட்டிலுள்ள சிடிகளை இப்போதே ஃப்ளாக்காக எடுத்துவைப்பது ஒவ்வொரு ரசிகரின் கடமை என்றே சொல்லலாம். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, கிடைத்த எண்களை அதே சிடியை எடுத்த மற்றவர்களின் கணக்கோடு சரிபார்த்தும் சொல்லிவிடும். கோப்பில் விவரம் எழுதும்போது கொஞ்சம் திட்டம் வேண்டும். திரைப்பாட்டைத் தமிழ் ரசிகர்கள் இசையமைப்பாளர் பெயரால் தேடுவார்கள். மென்பொருளோ பாடகர் பெயரையே முதலில் கேட்கும். இசையமைப்பாளரைக் கம்போஸர் பகுதியில் தவறாமல் எழுத வேண்டும். கர்நாடக இசைக் கோப்புக்கு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக் கலைஞர்கள் எல்லாம் தேவை. கம்போஸர் பகுதியில் இயற்றியவரையும் கருத்துப் பகுதியில் மற்றவற்றையும் எழுதலாம். ஒரு பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினால்தான் தேடும்போது எல்லாம் ஒன்றாக வரும். முடிந்ததும் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும்.

தொகுத்துச் சொன்னால் தேர்வு எளிது. ஜாக் உள்ள பழைய ஃபோன் இருக்கும் வீட்டுக்கு ஒரு கேபிள். ஜாக் இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி டேக். டிவி வழியே கேட்பவர்களுக்கு ஆப்டிகல் டேக் பெட்டி. பலரும் தங்கள் ஃபோனிலிருந்து பாட்டுப் போடும் குடும்பத்துக்கு வைஃபை ஸ்ட்ரீமர். ஃப்ளாக் சேமிப்பு வளர்ந்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பை. ஸ்ட்ரீமர் நீங்கலாக மற்றவை சில நூறு ரூபாயிலிருந்து ஒருசில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இந்தத் தொகைக்கு மேல் கையில் பணம் இருந்தால் அது முதலில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். கேட்கும் ஒலியை மிக அதிகமாகத் தீர்மானிப்பது ஸ்பீக்கரும், அது நிற்கும் இடமும், அறையும்தான். அடுத்ததாக அது பாட்டுக்குப் போக வேண்டும்: கலைஞர்களும் சிறு நிறுவனங்களும் வெளியிடும் பதிவுகளை விலை கொடுத்து வாங்கினால்தான் அடுத்த பதிவு வெளிவரும்.

அன்புடன்,
சக ரசிகர் ஒருவர்